சை யங் விருதுக் கணிப்பு தவறுகிறதா? அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிக்கும் வழி

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் ஆண்டின் சிறந்த பிட்சருக்கு, அதாவது பந்து வீசுபவருக்கு, கிடைப்பது சை யங் விருது. அதை யார் வாங்குவார் என்று கணிக்க ஒரு எக்செல் ஷீட்டோ சின்ன புரோகிராமோ வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஷீட் ஒரு பெயரைச் சொல்லி, நவம்பரில் வேறொரு பெயர் அறிவிக்கப்பட்டால், எல்லாவற்றையும் கலைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. கணிப்பு எப்படித் தவறுகிறது என்று பார்த்தாலே பழுது எந்த இடத்தில் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

விருதின் விதிகள் சுருக்கமாக. 1956-இல் தொடங்கியது. 1967 முதல் மேஜர் லீகின் இரண்டு பிரிவுகளான அமெரிக்கன் லீகுக்கு ஒன்று, நேஷனல் லீகுக்கு ஒன்று. வாக்களிப்பவர்கள் அமெரிக்க பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தினர். லீகில் 15 அணிகள், ஒவ்வொரு அணியின் ஊரிலிருந்தும் இரண்டு பேர், ஆக 30 வாக்காளர்கள். ஒவ்வொருவரும் ஐந்து பெயர்களை வரிசைப்படுத்தித் தருவார்கள். அந்த வரிசைக்கு 7, 4, 3, 2, 1 என்று புள்ளிகள்.

எதையும் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை

உங்கள் ஷீட் இரண்டு வேலைகளைச் செய்கிறது. மீதமிருக்கும் சீசனில் யார் எப்படி வீசுவார் என்று சொல்வது முதல் வேலை. அந்த எண்களைப் பார்த்துவிட்டு 30 எழுத்தாளர்கள் யார் பெயரை எழுதுவார்கள் என்று சொல்வது இரண்டாவது. பலர் இந்த இரண்டையும் ஒரே சூத்திரத்தில் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள். பழுது பார்ப்பதில் பாதி நேரம் அதனால்தான் வீணாகிறது.

இரண்டையும் பிரித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. முடிந்துபோன ஒரு சீசனின் இறுதி எண்களை அப்படியே உள்ளே போடுங்கள். ஷீட் சரியான வெற்றியாளரைக் காட்டினால் வாக்குப் பகுதி நன்றாக இருக்கிறது, பழுது முன்கணிப்பில். எல்லா எண்களும் கைவசம் இருந்தும் தவறான பெயர் வந்தால் வாக்குப் பகுதியில்தான் கோளாறு. கடந்த பத்து சீசன்களுக்காவது, இரண்டு லீகுக்கும் இதைச் செய்து முடித்த பிறகு கீழே உள்ள அறிகுறிகளுக்கு வாருங்கள்.

அறிகுறி: இன்னிங்ஸ் கூட்டுத்தொகை சரியாக வருவதில்லை

இது சின்னப் பழுதுதான். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் உட்கார்ந்திருப்பது. பேஸ்பாலில் பிட்சர் மூன்று அவுட் எடுத்தால் ஒரு இன்னிங்ஸ். பட்டியலில் 213.1 என்றால் 213 இன்னிங்ஸும் மூன்றில் ஒரு பங்கும், அதாவது ஒரு அவுட் கூடுதல். 213.2 என்றால் இரண்டு அவுட் கூடுதல். எக்செலுக்கு இது தெரியாது, சாதாரணத் தசம எண்ணாக எடுத்துக்கொள்ளும். ஒரு ஆட்டத்தில் 5.2, அடுத்ததில் 6.2 வீசியிருந்தால் எக்செல் 11.4 என்று காட்டும். சரியான விடை 12.1. முப்பது ஆட்டங்களை இப்படிக் கூட்டினால் பல இன்னிங்ஸ் காணாமல் போய்விடும்.

இன்னிங்ஸாகவே வைத்துக்கொள்ளாதீர்கள். அவுட் எண்ணிக்கையாக மாற்றி வையுங்கள். 213.1 என்பது 640 அவுட். கூட்டல், கழித்தல் எல்லாவற்றையும் அவுட்டில் செய்துவிட்டு, கடைசியில் மூன்றால் வகுத்தால் போதும்.

அறிகுறி: அதிக வெற்றி பெற்றவரையே ஷீட் தேர்ந்தெடுக்கிறது

பழைய சீசன்களை வைத்து ஷீட்டைப் பழக்கியிருக்கிறீர்கள் என்று பொருள். (அணி வென்ற ஆட்டம் ஒரு பிட்சரின் பெயரில் எழுதப்படுவதுதான் இங்கே ‘வெற்றி’.) 1990-இல் அமெரிக்கன் லீக் விருது பாப் வெல்ச்சுக்குப் போனது: 27 வெற்றி, 6 தோல்வி, இ.ஆர்.ஏ. 2.95. அதே ஆண்டு ராஜர் கிளெமன்ஸ் 21 வெற்றி, 6 தோல்வி, இ.ஆர்.ஏ. 1.93. ஒன்பது இன்னிங்ஸுக்கு பிட்சர் தன் பொறுப்பில் எத்தனை ரன் விடுகிறார் என்பதுதான் இ.ஆர்.ஏ. அதில் முழுதாக ஒரு ரன் குறைவாக விட்டவர் தோற்றார். 2005-இலும் அப்படித்தான். 21 வெற்றி, 3.48 இ.ஆர்.ஏ. வைத்திருந்த பார்டோலோ கொலோனுக்கு விருது. 2.87 இ.ஆர்.ஏ.வும் 238 ஸ்ட்ரைக் அவுட்டும் (பந்தை ஆட விடாமல் பிட்சர் தானே எடுக்கும் அவுட்) வைத்திருந்த யோஹான் சான்டானாவுக்கு மூன்றாம் இடம்.

காற்று திசைமாறியது 2010-இல் தெளிவாகத் தெரிந்தது. சியாட்டிலின் ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ் 13 வெற்றி, 12 தோல்வியோடு விருது வாங்கினார். அவருடைய இ.ஆர்.ஏ. 2.27. 21 வெற்றி பெற்ற சி.சி. சபாதியாவும் 19 வெற்றி பெற்ற டேவிட் பிரைஸும் அவருக்குப் பின்னால் நின்றார்கள். 2018-இல் ஜேக்கப் டிகிராம் 10 வெற்றி, 9 தோல்வி, இ.ஆர்.ஏ. 1.70. முப்பதில் 29 முதலிட வாக்குகள் அவருக்கே. 2025-இல் பிட்ஸ்பர்க்கின் பால் ஸ்கீன்ஸ் 10 வெற்றி, 10 தோல்வி, இ.ஆர்.ஏ. 1.97. முப்பது முதலிட வாக்குகளும் அவருக்கு. தன் அணி ரன் எடுக்காததற்கு பிட்சர் பொறுப்பில்லை என்பதை எழுத்தாளர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். எனக்கு அதில் மிகவும் மகிழ்ச்சி, அது நியாயமான மாற்றம்.

ஆகவே 2010-க்கு முந்தைய சீசன்களைப் பயிற்சித் தரவிலிருந்து எடுத்துவிடுங்கள். மனம் வராவிட்டால் எடையையாவது வெகுவாகக் குறையுங்கள். இன்னொரு காரணமும் இருக்கிறது. 2009 வரை வாக்குச்சீட்டில் மூன்று பெயர்கள்தான், புள்ளிகள் 5, 3, 1. இரண்டு விதமான சீட்டுகளையும் ஒன்றாகக் கலந்தால் புள்ளிக் கணக்கே பொருந்தாது.

வெற்றி எண்ணிக்கையை முழுதாகத் தூக்கிவிடவும் கூடாது. மற்ற எண்கள் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும்போது அது இன்னும் பேசுகிறது. 2016-இல் ரிக் போர்செலோ வென்றதில் அவருடைய 22 வெற்றிக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த ஆண்டைப் பற்றிக் கீழே மறுபடியும் பார்ப்போம்.

அறிகுறி: சூத்திரம் சில ஆண்டு கச்சிதமாகப் பொருந்துகிறது, சில ஆண்டு தலைகீழாகிறது

இதுதான் கடினமான பழுது. கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

பலர் பயன்படுத்துவது பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் டாம் டாங்கோ கொடுத்த எளிய சூத்திரம். இன்னிங்ஸை இரண்டால் வகுக்கவும். அதிலிருந்து எர்ன்ட் ரன்களை, அதாவது பிட்சர் தன் பொறுப்பில் விட்ட ரன்களை, கழிக்கவும். ஸ்ட்ரைக் அவுட்டைப் பத்தால் வகுத்துக் கூட்டவும். வெற்றிகளைக் கூட்டவும். அவ்வளவுதான். 2018 டிகிராமுக்கு இது சுமார் 104 தருகிறது, 18 வெற்றியும் 300 ஸ்ட்ரைக் அவுட்டும் வைத்திருந்த மேக்ஸ் ஷெர்ஸருக்கு 96. பத்தே வெற்றி பெற்றவரைச் சரியாக முன்னால் வைத்துவிட்டது. இவ்வளவு சின்ன சூத்திரம் இவ்வளவு நன்றாக வேலை செய்வது உண்மையிலேயே அழகான விஷயம்.

இப்போது 2021 நேஷனல் லீகைப் போட்டுப் பாருங்கள். டாட்ஜர்ஸின் வாக்கர் பியூலருக்கு சுமார் 84. ஸாக் வீலருக்கும் ஷெர்ஸருக்கும் தலா 79 சொச்சம். மில்வாக்கியின் கார்பின் பர்ன்ஸுக்கு 73. நடந்தது என்ன? பர்ன்ஸ் முதலிடம், வீலர் இரண்டாமிடம், ஷெர்ஸர் மூன்றாமிடம், பியூலர் நான்காமிடம். சூத்திரத்தின் முதல் ஆளும் கடைசி ஆளும் இடம் மாறிவிட்டார்கள்.

காரணம் இப்படி. அந்த நால்வரின் இ.ஆர்.ஏ. 2.43-க்கும் 2.78-க்கும் நடுவில் நெருங்கிக் கிடந்தது. மேலோட்டமான எண்ணை வைத்துப் பிரிக்க முடியாதபோது எழுத்தாளர்கள் அடுத்த அடுக்குக்குப் போகிறார்கள். அங்கே இருப்பது எஃப்.ஐ.பி. ஃபீல்டர்களின் கையில் இருப்பதை ஒதுக்கிவிட்டு, ஸ்ட்ரைக் அவுட், வாக் (நான்கு தவறான பந்துகளால் பேட்டருக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்), உடலில் பட்ட பந்து, ஹோம் ரன் ஆகியவற்றை மட்டும் வைத்துக் கணக்கிடும் எண். பர்ன்ஸின் எஃப்.ஐ.பி. 1.63. சீசன் தொடக்கத்தில் 58 ஸ்ட்ரைக் அவுட் எடுத்த பிறகுதான் முதல் வாக் கொடுத்தார், அது ஒரு சாதனை. 167 இன்னிங்ஸில் விட்ட ஹோம் ரன் ஏழே ஏழு. வீலர் 213.1 இன்னிங்ஸ் வீசியிருந்தும் 12 முதலிட வாக்குதான், பர்ன்ஸுக்கும் 12. மொத்தப் புள்ளி பர்ன்ஸுக்கு 151, வீலருக்கு 141.

அப்படியானால் எஃப்.ஐ.பி.யை வைத்தே கணித்துவிடலாமே என்று தோன்றும். 2023-க்கு வாருங்கள். சான் டியேகோவின் பிளேக் ஸ்னெல் 99 வாக் கொடுத்தார், இரண்டு லீகிலும் அதுவே அதிகம். அவருடைய எஃப்.ஐ.பி. 3.44. வாக் கொடுப்பதில் முதலிடத்தில் இருந்துகொண்டு இந்த விருதை வாங்கியவர் அவருக்கு முன் 1959-இல் எர்லி வின். எஃப்.ஐ.பி. ஷீட் வைத்திருந்தவர்கள் ஸ்னெல்லைக் கீழே தள்ளியிருப்பார்கள். வாக்காளர்களில் 28 பேர் அவரை முதலிடத்தில் எழுதினார்கள். அவருடைய இ.ஆர்.ஏ. 2.25, லீகில் அடுத்தவருக்கு 2.98. இடைவெளி அவ்வளவு அகலமாக இருந்தால் யாரும் அடுத்த அடுக்குக்குப் போய்ப் பார்ப்பதில்லை. டாங்கோ சூத்திரமும் அந்த ஆண்டு ஸ்னெல்லைத்தான் காட்டுகிறது, அதுவும் வெகுதூர முன்னிலையில்.

நான் பரிந்துரைக்கும் திருத்தம் இது. முதலில் முன்னணி ஆட்களின் இ.ஆர்.ஏ. இடைவெளியைப் பாருங்கள். முதலாமவர் அரை ரன்னுக்கு மேல் முன்னால் இருந்து, போதுமான இன்னிங்ஸும் வீசியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இடைவெளி அதைவிடக் குறுகலாக இருந்தால் எஃப்.ஐ.பி.க்கும் ஸ்ட்ரைக் அவுட், வாக் விகிதத்துக்கும் எடை கூட்டுங்கள். நிலையான ஒரே எடையைத் தேடி அலைய வேண்டாம், வாக்காளர்கள் அப்படி யோசிப்பதில்லை.

டாங்கோ சூத்திரத்தில் வெற்றியின் எடையைப் பாதியாகக் குறைப்பதும் இப்போதைய வாக்காளர்களுக்குப் பொருத்தம் என்பது என் கருத்து. 2025 அமெரிக்கன் லீகில் டெட்ராய்டின் டாரிக் ஸ்கூபலுக்கு 13 வெற்றி, 2.21 இ.ஆர்.ஏ. பாஸ்டனின் காரட் குரோஷேவுக்கு 18 வெற்றி, 2.59 இ.ஆர்.ஏ., கூடவே 255 ஸ்ட்ரைக் அவுட். சூத்திரத்தை அப்படியே போட்டால் இருவருக்கும் 87-ஐ ஒட்டி வருகிறது, குரோஷே ஒரு மயிரிழை முன்னால். வெற்றியைப் பாதியாக்கினால் ஸ்கூபல் 80, குரோஷே 78. உண்மையில் ஸ்கூபல் 26 முதலிட வாக்கு பெற்றார்.

அறிகுறி: குறைந்த இன்னிங்ஸ் வீசியவர்கள் முதலிடத்துக்கு வந்துவிடுகிறார்கள்

விகித எண்களை மட்டும் வைத்திருக்கிறீர்கள், அளவைச் சேர்க்கவில்லை. ஆட்டத்தின் கடைசியில் வந்து அணியின் முன்னிலையைக் காக்கும் (அதுதான் ‘சேவ்’) குளோசர்கள் பட்டியலின் உச்சியில் நின்றால் சந்தேகமே வேண்டாம், இதுதான் பழுது. 2016-இல் ஸாக் பிரிட்டன் 0.54 இ.ஆர்.ஏ.வுடன் 47 சேவ் வாய்ப்பில் 47-ஐயும் காப்பாற்றினார். கிடைத்தது நான்காம் இடம். 2024-இல் இமானுவல் கிளாசேவுக்கு 0.61 இ.ஆர்.ஏ., 47 சேவ், மூன்றாம் இடம். ரிலீவர், அதாவது ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வந்து வீசுபவர், ஒருவர் இந்த விருதை வென்று வெகுகாலமாகிறது. கடைசியாக வென்றவர் 2003-இல் 55 வாய்ப்பில் 55 சேவ் எடுத்த எரிக் கான்யே. ரிலீவர்களைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிடுங்கள், கணிப்பு கெடாது.

ஆட்டத்தைத் தொடங்கி வீசும் ஸ்டார்ட்டர்களுக்குக் கோடு எங்கே என்பதுதான் கேள்வி. இ.ஆர்.ஏ. பட்டத்துக்குத் தகுதி பெற 162 இன்னிங்ஸ் தேவை, அணி ஆடும் ஆட்டத்துக்கு ஒன்று வீதம். பர்ன்ஸ் 167-இல் வென்றார், 2022-இல் ஜஸ்டின் வெர்லாண்டர் 175-இல், ஸ்னெல் 180-இல். ஸ்கீன்ஸ் தன் முதல் சீசனான 2024-இல் 133 இன்னிங்ஸில் 1.96 இ.ஆர்.ஏ. வைத்திருந்தும் மூன்றாம் இடத்தைத் தாண்ட முடியவில்லை. எனவே 162-க்குக் கீழே கடுமையான அபராதம் போடுங்கள். அதற்கு மேலே மென்மையாக விடுங்கள். 200 இன்னிங்ஸைக் கட்டாயமாக்கினால் இன்றைய வெற்றியாளர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் உங்கள் ஷீட்டிலிருந்து விழுந்துவிடுவார்கள்.

60 ஆட்டங்களோடு முடிந்த 2020 சீசனைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். அந்த இன்னிங்ஸ் எண்கள் வேறு எந்த ஆண்டோடும் ஒட்டாது.

அறிகுறி: மார்ச்சில் சொன்ன பெயர் மே மாதத்துக்குள் போட்டியிலேயே இல்லை

பழுது முன்கணிப்புப் பகுதியில். பெரும்பாலும் முழங்கைதான் காரணம். 2023-இல் ஸ்பென்சர் ஸ்ட்ரைடர் 281 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தார். 2024-இல் இரண்டே ஆட்டங்கள், பிறகு அறுவை சிகிச்சை. அதே 2023-இல் ஒருமனதாக வென்ற கெரிட் கோல் அடுத்த சீசனை ஜூன் மாதத்தில்தான் தொடங்க முடிந்தது. 2022-இல் 228.2 இன்னிங்ஸ் வீசி ஒருமனதாக வென்ற சான்டி அல்கான்டராவுக்கு அடுத்த ஆண்டு இ.ஆர்.ஏ. 4.14, சீசன் முடிவில் முழங்கை அறுவை சிகிச்சை.

அதனால் ஒவ்வொரு பிட்சருக்கும் ஒரே வரிசையில் ஒரே கணிப்பு எழுதாதீர்கள். மூன்று வரிசை எழுதுங்கள்: முழு சீசன் ஆடினால், பாதி ஆடினால், ஆடவே முடியாமல் போனால். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிகழ்தகவு கொடுங்கள். இப்படிச் செய்தால் எவ்வளவு பெரிய பிட்சராக இருந்தாலும் மார்ச்சில் அவருடைய வாய்ப்பு 30 சதவீதத்தைத் தாண்டுவது அரிது என்று தானாகவே தெரியும். உங்கள் ஷீட் யாருக்காவது 50 கொடுத்தால் காயத்தை அது கணக்கில் எடுக்கவில்லை.

கூடவே, பட்டியலில் இல்லாத எல்லோருக்கும் சேர்த்து ‘மற்றவர்கள்’ என்று ஒரு வரிசை கட்டாயம் வேண்டும். 2024-இல் நேஷனல் லீகை வென்ற கிறிஸ் சேல், முந்தைய ஆண்டு பாஸ்டனில் 4.30 இ.ஆர்.ஏ.வுடன் 102.2 இன்னிங்ஸ்தான் வீசியிருந்தார். அதற்கு முன்பும் ஆண்டுக்கணக்காகக் காயங்கள். அட்லாண்டாவுக்கு வந்து 18 வெற்றி, 2.38, 225 ஸ்ட்ரைக் அவுட் என்று மூன்றிலும் லீகில் முதலிடம். ஆனால் கூர்ந்து பார்த்தவர்களுக்கு ஒரு தடயம் இருந்தது: 2023-இல் அந்த 102.2 இன்னிங்ஸிலும் 125 ஸ்ட்ரைக் அவுட் எடுத்திருந்தார். இ.ஆர்.ஏ. கெட்டிருந்தாலும் ஸ்ட்ரைக் அவுட் குறையாதவரை யாரையும் பட்டியலிலிருந்து அடித்துவிடாதீர்கள்.

அறிகுறி: போன ஆண்டு வென்றவரே எப்போதும் உச்சியில் இருக்கிறார்

போன சீசனுக்கு மட்டும் எடை அதிகமாகிவிட்டது. அமெரிக்கன் லீகில் பெட்ரோ மார்டினெஸ் 1999, 2000 என்று அடுத்தடுத்து வென்ற பிறகு, 2024, 2025-இல் ஸ்கூபல் செய்யும் வரை யாரும் அதைச் செய்யவில்லை. மூன்று சீசன்களின் சராசரியை எடுங்கள், அண்மைய சீசனுக்குக் கொஞ்சம் கூடுதல் எடை கொடுங்கள், போதும்.

அறிகுறி: ஜூலை வரை சரி, செப்டம்பரில் கவிழ்கிறது

2010-இல் கொலராடோவின் ஊபால்டோ ஹிமெனெஸ் ஜூலை நடுவில் வரும் ஆல் ஸ்டார் இடைவேளையில் 15 வெற்றி, 1 தோல்வி, இ.ஆர்.ஏ. 2.20. விருது முடிந்த கதை என்றே தோன்றியது. முடிவில் 19 வெற்றி, 8 தோல்வி, இ.ஆர்.ஏ. 2.88. ராய் ஹாலடே ஒருமனதாக வென்றார், ஹிமெனெஸ் மூன்றாவது. 2021-இல் டிகிராம் 15 ஆட்டங்களில் 1.08 இ.ஆர்.ஏ. வைத்திருந்தார். ஜூலையோடு காயத்தால் சீசன் முடிந்தது.

இதுவரையிலான இ.ஆர்.ஏ.வை அப்படியே செப்டம்பர் வரை இழுத்துச் செல்வதுதான் பழுது. நடந்துவிட்ட எர்ன்ட் ரன்களும் இன்னிங்ஸும் அப்படியே இருக்கட்டும். மீதி ஆட்டங்களுக்கு, சீசனுக்கு முன் போட்ட கணிப்பையும் இதுவரையிலான எஃப்.ஐ.பி.யையும் கலந்து ஒரு எண் எடுங்கள். இரண்டையும் கூட்டி இறுதி இ.ஆர்.ஏ. கண்டுபிடியுங்கள். ஜூலையில் 2.20 இருப்பவருக்கு இறுதியில் 2.80 வருவது இந்தக் கணக்கில் சாதாரணமாகவே தெரியும்.

அறிகுறி: லீக் மாறியவரின் கணக்கு குழம்புகிறது

சீசன் நடுவில் அமெரிக்கன் லீகிலிருந்து நேஷனல் லீகுக்குப் போனவருக்கு அங்கே வீசியதுதான் அந்த லீகின் விருதுக்கு முதன்மையாகக் கணக்கு. 1984-இல் கிளீவ்லாந்திலிருந்து சிகாகோ கப்ஸுக்குப் போன ரிக் சட்க்ளிஃப் அங்கே 16 வெற்றி, 1 தோல்வியோடு விருது வாங்கினார். 2008-இல் சபாதியா மில்வாக்கிக்குப் போய் 11 வெற்றி, 2 தோல்வி, 1.65 இ.ஆர்.ஏ. வைத்தும் ஐந்தாம் இடம்தான். லீக் வாரியாக வரிசைகளைப் பிரியுங்கள். அதே லீகுக்குள் அணி மாறினால் சேர்த்துக்கொள்ளலாம்.

அறிகுறி: முதல் இருவர் சரி, வரிசைதான் மாறிவிடுகிறது

சராசரி வாக்காளர் ஒருவரை மட்டும் கற்பனை செய்கிறீர்கள். முப்பது சீட்டுகளையும் தனித்தனியாக உருவாக்கினால்தான் இது சரியாகும். 2016 அமெரிக்கன் லீகில் வெர்லாண்டருக்கு 14 முதலிட வாக்கு, போர்செலோவுக்கு 8. ஆனால் மொத்தப் புள்ளி போர்செலோவுக்கு 137, வெர்லாண்டருக்கு 132. இரண்டு வாக்காளர்கள் வெர்லாண்டரின் பெயரைச் சீட்டில் எங்குமே எழுதவில்லை. போர்செலோவின் புள்ளி மாறாமல், அந்த இருவரும் வெர்லாண்டரை மூன்றாம் இடத்தில் எழுதியிருந்தாலே 138 ஆகியிருக்கும், விருது கை மாறியிருக்கும்.

ஒவ்வொரு வாக்காளருக்கும் சூத்திர மதிப்பில் சிறு தற்செயல் மாற்றம் சேர்த்து, ஐந்து பெயர்கள் கொண்ட சீட்டு ஒன்றை எழுதச் செய்யுங்கள். முப்பதையும் 7, 4, 3, 2, 1 என்று கூட்டுங்கள். பிறகு இதையே ஆயிரக்கணக்கான முறை ஓட்டுங்கள். சூத்திர மதிப்பில் இரண்டு மூன்று புள்ளி இடைவெளி மட்டும் இருக்கும்போது முடிவு 60-க்கு 40 போல வரும். அதை 60-க்கு 40 என்றே வெளியிடுங்கள், உறுதியான ஒரு பெயராகச் சுருக்காதீர்கள். மாறாக வெற்றி, இ.ஆர்.ஏ., ஸ்ட்ரைக் அவுட் மூன்றிலும் ஒரே ஆள் லீகில் முதலிடம் பிடித்தால் ஓட்டிப் பார்க்கவே தேவையில்லை. விருது தொடங்கிய நாளிலிருந்து அப்படிப் பிடித்த எல்லோரும் வென்றிருக்கிறார்கள்.

அறிகுறி: அக்டோபரில் ஷீட்டின் எண்கள் நகர்கின்றன

நகரக் கூடாது. வாக்குச் சீட்டுகள் பிளே ஆஃப் தொடங்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிடும். 2025 உலகத் தொடரில் (இரண்டு லீகின் சாம்பியன்கள் மோதும் இறுதித் தொடர்) யோஷினோபு யமமோட்டோ மிகச் சிறந்த வீரர் பட்டம் பெற்றார், நேஷனல் லீக் சை யங் வாக்கில் அவருக்கு மூன்றாம் இடம். வழக்கமான சீசனின் கடைசி நாளுக்குப் பின் தேதியிட்ட ஆட்டங்கள் எதுவும் உள்ளே வராதபடி தரவு எடுக்கும் இடத்திலேயே தடுத்துவிடுங்கள்.